ஆன் பிராங்கின் பேனையும் அது விட்டுச்சென்ற கீறல்களும்

ஆன் பிராங்க் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அந்த நாட்குறிப்புக் கொப்பிதான். 1942 ஜூன் 12ஆம் திகதி, 13ஆவது பிறந்தநாளுக்கு அது அவளுக்குக் கிடைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவளிடம் ஒரு பேனை இருந்தது. தங்க நிப் போட்ட பவுண்டன் பேனை. அந்தப் பேனை அவளுக்கு முன்னரே எரிந்துபோனது. அவள் எழுதியவை யாவும் பொய் என்று பின்னாளில் சிலர் துண்டுப்பிரசுரம் அடித்தபோது, அவள் எந்த வகைப் பேனையால், எந்த மையால் எழுதினாள் என்பதை நீதிமன்றங்களும் ஆய்வுகூடங்களும் தேடிப்பார்க்க வேண்டி வந்தது. அவளுடைய வாழ்க்கையைப் பேனையில் தொடங்கிச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

1929இல் ஜேர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் பிறந்தவள். தந்தை ஓட்டோ பிராங்க், முதலாம் உலகப்போரில் ஜேர்மன் இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். தாய் எடித், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையோரமாக உள்ள ஆகன் நகரத்துக்காரி. மூன்று வயது மூத்த அக்கா மார்கோட். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதக் குடும்பமான அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற முடிவெடுத்தார்கள். ஓட்டோ முதலில் அம்ஸ்டர்டாமுக்குப் போய், ஜாம் உறையவைக்கப் பயன்படும் பெக்டின் விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். மனைவியும் பிள்ளைகளும் ஆகனில் அம்மம்மா ரோசா ஹொலண்டரின் வீட்டில் தங்கியிருந்து, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவள் ஆன், 1934 பெப்ரவரியில். அன்று மார்கோட்டின் பிறந்தநாள். தங்கையைத்தான் பரிசாக மேசைமேல் ஏற்றி வைத்தார்களாம்.

அம்மம்மா ஆகனிலேயே இருந்தார். 1938 நவம்பரில் ஜேர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டு, கடைகள் நொறுக்கப்பட்டு, ஆண்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துச் செல்லப்பட்டபோது எடித்தின் சகோதரர் ஒருவரும் கைதானார். மூன்று மாதம் கழித்து, 1939 பெப்ரவரி 21ஆம் திகதி, யூதர்கள் தம்மிடமுள்ள தங்கம், வெள்ளி, பிளாட்டினம், இரத்தினங்கள் அனைத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளை வந்தது.

அதே பெப்ரவரியில்தான் ஆகனிலிருந்து அம்ஸ்டர்டாமுக்குப் பஞ்சில் சுற்றிய ஒரு சின்னப் பொதி வந்தது. வெளியே, விலைமதிப்பில்லாத மாதிரிப்பொருள் என்று குறிக்கப்பட்டிருந்தது. உள்ளே சிவப்புத் தோல் உறையில் பேனை. ஒன்பது வயதுப் பேத்தி காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தாள். அம்மம்மா எதை நினைத்து அனுப்பினார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. தங்கத்தைக் கணக்கெடுத்துப் பறிக்க ஒரு அரசாங்கம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாதத்தில், ஒரு துளித் தங்கம் மதிப்பற்ற பொருள் என்ற பெயரில் எல்லை தாண்டி ஒரு சிறுமியின் கைக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டும் உண்மை. அடுத்த மாதம் அம்மம்மாவும் வந்து சேர்ந்தார்.

தங்க நிப் அக்காலத்தில் பகட்டுக்காக மட்டும் போடப்பட்டதல்ல. அன்றைய மையில் இரும்பு உப்பும் அமிலமும் இருந்தன. உருக்கு நிப்பை அந்த மை மெல்ல மெல்ல அரித்துவிடும். தங்கத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தங்கம் மென்மையானது. கடதாசியில் நெடுக உரசினால் தேய்ந்துவிடும். அதனால் இரிடியம், ஒஸ்மியம் போன்ற மிகக் கடினமான உலோகங்களைக் கலந்து, கடுகைவிடச் சிறிய மணி ஒன்றை நிப்பின் நுனியில் உருக்கி ஒட்டுவார்கள். பிறகு அந்த மணியையும் சேர்த்து மயிரிழை போன்ற பிளவொன்றை வெட்டுவார்கள். மை அந்தப் பிளவு வழியாகத்தான் இறங்கும்.

அந்த மணியும் தேயும், ஆனால் ஆண்டுக்கணக்கில். எழுதுபவர் எந்தச் சாய்வில் பிடிக்கிறாரோ அந்தப் பக்கம் தேய்ந்து தட்டையாகி, அவருடைய கைக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். வேறொருவர் வேறு சாய்வில் பிடித்தால் கடதாசியைக் கீறும், மை விட்டுவிட்டு வரும். பவுண்டன் பேனையால் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பேனையை இரவல் கொடுக்காதே என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல.

ஆனின் பேனைக்குத் தடித்த நிப். தடித்த நிப் இருந்தால்தான் தனக்கு எழுத்து அழகாக வரும் என்பது அவளது எண்ணம். பத்து வயதில் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக விட்டார்கள். ஆசிரியையும் தடுக்கவில்லை. ஆறாம் வகுப்பில் வந்த ஆசிரியை பள்ளிக்கூடப் பேனையும் மைக்கூடும் தவிர வேறெதையும் அனுமதிக்காததால், பேனை உறைக்குள் போனது. அதற்குள் நாடும் மாறிவிட்டிருந்தது. 1940 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த ஒரு பேனா நண்பிக்கு ஆன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். தந்தை மொழிக்கு உதவினார். அது போய்ச் சேருமுன்பே, மே 10ஆம் திகதி, ஜேர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஓட்டோ 1941இல் அமெரிக்க விசாவுக்காக எழுதாத கடிதமில்லை. ஒன்றும் சரிவரவில்லை.

அந்த ஆண்டிலேயே யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆன் யூத லைசியத்தில் சேர்ந்தாள். அதைக் கொண்டாடப் பேனைக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கப்பட்டது. சிப் வைத்தது, பென்சிலுக்கும் இடமுள்ளது. ஒதுக்கிவைக்கப்பட்ட பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் புதுப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். போர்க்காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1942 ஜனவரியில் அம்மம்மா காலமானார். மே மாதம் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கவேண்டும் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. ஜூனில் நாட்குறிப்புக் கொப்பி கிடைத்தது.

ஜூலை 5ஆம் திகதி மார்கோட்டின் பெயருக்கு அழைப்பாணை வந்தது. வேலை முகாமுக்கு என்று எழுதியிருந்தது. அவளுக்கு அப்போது வயது 16. மறுநாள் காலையே குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. கையில் பெட்டி இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்பதால் உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடம்பிலேயே போட்டுக்கொண்டு மழையில் நடந்தார்கள். பைக்குள் ஆன் முதலில் வைத்தது நாட்குறிப்பை. பிறகு மயிர் சுருட்டும் கம்பிகள், கைக்குட்டைகள், பாடப்புத்தகங்கள், சீப்பு, பழைய கடிதங்கள். உடுப்புகளைவிட நினைவுகள்தான் தனக்குப் பெரிது என்று அவள் காரணம் சொன்னாள். அவசரமாக வீட்டைவிட்டு ஓடியவர்கள் பின்னாளில் தங்கள் பையைத் திறந்து பார்த்து, ஏன் இதை எடுத்தோம், ஏன் அதை விட்டோம் என்று யோசிப்பதுண்டு. பேனையும் அவளோடு போனது.

பிரின்சன்கிராக்ட் 263, ஓட்டோவின் அலுவலகக் கட்டடம். அதன் பின்பகுதி மேல்மாடிகளில் இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும் மறைந்திருந்தார்கள். பிராங்க் குடும்பம் நால்வர், வான் பெல்ஸ் குடும்பம் மூவர், 1942 நவம்பரில் வந்து சேர்ந்த பல்வைத்தியர் பிரிட்ஸ் பெஃபர், எல்லாமாக எட்டுப்பேர். கீழே அலுவலகத்தில் வேலை செய்த மீப் கீஸ், பெப் வொஸ்கவுல், விக்டர் குக்லர், யொஹான்னஸ் கிளைமன் ஆகியோரும் மீப்பின் கணவர் யானும் உணவும் புத்தகமும் செய்தியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பகலில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. எழுதுவது ஒன்றுதான் சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை.

ஆனால் எழுத மேசை வேண்டும். ஆனும் ஐம்பது வயதைத் தாண்டிய பெஃபரும் ஒரே அறையில் படுத்தார்கள். அறையில் ஒரு சின்ன மேசை. பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து நான்கு மணிவரை, அவர் கண்ணயரும் நேரத்தில், அவள் பாவிக்கலாம். 1943 ஜூலையில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஐந்தரை மணிவரை தரமுடியுமா என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். தன்னுடையதுதான் உண்மையான வேலை, சிறுபிள்ளை எழுதுவதில் என்ன இருக்கிறது என்பது அவருடைய நினைப்பு. ஓட்டோ தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. பெஃபரைக் குறைசொல்லி எழுதுவது சுலபம். அவரும் தன் மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, காதலியை வெளியே விட்டுவிட்டு, அந்நியர்களோடு அடைபட்டுக்கிடந்த மனிதர். இருந்தாலும் அந்த மேசை விடயத்தில் நான் ஆனின் பக்கம்தான்.

அந்த ஆண்டு நவம்பர் 11 எனத் திகதியிட்ட பதிவு முழுக்க முழுக்கப் பேனையைப் பற்றியது. இறந்த ஒருவருக்கு எழுதும் நினைவஞ்சலி போல, பாதி விளையாட்டாகவும் பாதி வருத்தமாகவும் அதை எழுதியிருக்கிறாள். பேனை வந்த விதம், பள்ளிக்கூடக் கதை, புதுப் பெட்டி பற்றிய விபரமெல்லாம் அதிலிருந்துதான் நமக்குத் தெரியவருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். தந்தையும் மார்கோட்டும் லத்தீன் படிக்க வந்ததால் மேசையின் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டாள். பேனை மேசையில் கிடந்தது. சும்மா இருக்காமல் காய்ந்த போஞ்சி விதைகளை எடுத்து, பூஞ்சணத்தைத் தேய்த்துத் துடைத்தாள். அன்றைய உணவுத் தட்டுப்பாட்டில் பூஞ்சணம் பிடித்த விதையையும் எறிய முடியாது. ஆறு மணிக்குக் கால்மணி இருக்கும்போது நிலத்தைக் கூட்டி, குப்பையையும் அழுகிய விதைகளையும் பத்திரிகைத் தாளில் சுருட்டி அடுப்பில் போட்டாள். அணைந்துகொண்டிருந்த அடுப்பு திடீரென்று பெரிய சுவாலையோடு எரிந்தது. அவளுக்கு அது சந்தோசமாகக்கூட இருந்தது.

பிறகு பேனையைத் தேடினார்கள். எல்லோரும் தேடினார்கள். குப்பையோடு போயிருக்குமோ என்று மார்கோட் சொன்னபோது ஆன் நம்பவில்லை. அக்காலப் பேனைகளின் உடல் செலுலொயிட்டால் ஆனது. பழைய சினிமாப் படச்சுருள் எப்படிப் பற்றுமோ அப்படிப் பற்றும். மறுநாள் ஓட்டோ அடுப்புச் சாம்பலை அள்ளும்போது, சட்டைப்பையில் செருகும் கிளிப் மட்டும் கிடைத்தது. தங்க நிப்பின் அடையாளமே இல்லை. கல்லோடு கல்லாக உருகி ஒட்டியிருக்கும் என்பது ஓட்டோவின் ஊகம்.

அந்த ஊகம் சரியாகவே இருக்கலாம். 14 கரட் தங்கம் 800 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருகிவிடும். நன்றாக எரியும் நிலக்கரி அடுப்பின் நடுவில் அந்தச் சூடு இருக்கும். ஆனால் இரிடியம் உருக 2,400 பாகைக்கு மேல் வேண்டும், ஒஸ்மியத்துக்கு அதைவிடவும் கூட. எந்த வீட்டு அடுப்பிலும் அவ்வளவு சூடு வராது. அந்தப் பேனையும் அன்றைய வழக்கப்படி செய்யப்பட்டிருந்தால், நாலே முக்கால் ஆண்டு அவள் கைச்சாய்வுக்குத் தேய்ந்த அந்தக் கடுகளவு மணி உருகாமல் சாம்பலோடு வெளியே போயிருக்கும்.

அந்தப் பதிவைத் தனக்குத்தானே சொல்லும் ஒரு சின்ன ஆறுதலோடு முடிக்கிறாள். பேனைக்குத் தகனம் கிடைத்துவிட்டது, தனக்கும் ஒருநாள் அப்படித்தான் வேண்டும் என்கிறாள். வயது 14. பகிடியாகத்தான் எழுதினாள்.

இன்னொரு விடயம். 1942 டிசெம்பர் தொடக்கத்திலிருந்து 1943 டிசெம்பர் பிற்பகுதிவரை அவள் முதலில் எழுதிய கொப்பிகள் இன்று இல்லை. தொலைந்துவிட்டன. பேனையின் கதை நமக்குக் கிடைத்தது, அவளே பின்னர் அதைத் திருத்தி மறுபடி எழுதியதால்தான். 1944 மார்ச் 28ஆம் திகதி, இலண்டனில் இயங்கிய நெதர்லாந்து அரசின் அமைச்சர் கெரிட் பொல்கஸ்டைன் வானொலியில் பேசினார். போர் முடிந்ததும் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டிவைக்க வேண்டும் என்றார். மறைவிடத்தில் ஒளித்துக் கேட்ட அந்த உரைக்குப் பிறகு எல்லோருடைய கண்ணும் ஆனின் நாட்குறிப்பின்மேல் போனது. மே 20ஆம் திகதி தொடக்கம் மெல்லிய நிறத்தாள்களில் முழுவதையும் மறுபடி எழுதத் தொடங்கினாள். பத்து வாரத்தில் சுமார் 215 தாள்கள். பெயர்களை மாற்றினாள், வெட்டினாள், சேர்த்தாள். புத்தகத்துக்குப் பின்வீடு என்று பெயரும் வைத்தாள். அப்போது அவள் கையில் இருந்தது வேறு பேனை. எரிந்த பேனையின் அஞ்சலி அந்த வேறு பேனையால் எழுதப்பட்டுத்தான் மிஞ்சியிருக்கிறது.

கடைசிப் பதிவு 1944 ஓகஸ்ட் 1. நான்காம் திகதி காலை பொலிஸ் வந்தது. பெறுமதியான சாமான்களை அள்ளிக்கொண்டு போகப் பை தேவைப்பட்ட எஸ்.எஸ். அதிகாரி, ஓட்டோவின் தோல்பையைத் தலைகீழாகக் கொட்டினார். அதற்குள் இருந்தவை ஆனின் தாள்கள். நகையும் பணமும் பைக்குள் போயின, தாள்கள் நிலத்தில் கிடந்தன. எட்டுப்பேரையும் கொண்டுபோன பின்னர் மீப்பும் பெப்பும் மேலே போய் அவற்றைப் பொறுக்கினார்கள். மீப் அவற்றைப் படிக்காமல் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார், ஆன் வந்ததும் கொடுப்பதற்காக. படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று அவர் பிறகு சொன்னதுண்டு. உதவியவர்கள் அத்தனை பேரின் கதையும் அதில் இருந்தது. மறுபடி சோதனைக்கு வந்தால் எல்லோரும் தொலைந்தார்கள்.

அதன் பிறகு ஆன் எழுதிய எதுவும் கிடைக்கவில்லை. வெஸ்டர்போர்க் முகாமில் பழைய பற்றரிகளை உடைத்து உள்ளிருப்பதைப் பிரித்தெடுக்கும் வேலை கொடுத்தார்கள். செப்டெம்பர் 3ஆம் திகதி 1,019 பேரை ஏற்றிக்கொண்டு அவுஷ்விட்ஸுக்குப் போன ரயிலில் எட்டுப்பேரும் இருந்தார்கள். அந்த முகாமிலிருந்து நெதர்லாந்து யூதர்களை அவுஷ்விட்ஸுக்கு ஏற்றிப்போன கடைசி ரயில் அது. இலையுதிர்காலக் கடைசியில் சகோதரிகள் இருவரும் ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். தாய் எடித் அவுஷ்விட்ஸிலேயே 1945 ஜனவரி 6ஆம் திகதி இறந்தார்.

பெல்சனில் ஒரு பள்ளித் தோழியை, வைக்கோல் செருகிய முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, முகம் பார்க்க முடியாமல் ஆன் சந்தித்தாள். தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள் என்றே நம்பியிருந்தாள். தோழி இருட்டில் வீசிய முதல் உணவுப் பொதியை வேறொரு பெண் பறித்துக்கொண்டு ஓடினாள். இன்னொரு நாள் வீசியது கைக்குக் கிடைத்தது. மார்கோட்டும் ஆனும் 1945இன் தொடக்கத்தில் தைபஸ் காய்ச்சலால் இறந்தார்கள். பெப்ரவரியாக இருக்கலாம் என்பது அண்மைய ஆய்வாளர்களின் கணிப்பு. ஏப்ரல் 15ஆம் திகதி பிரித்தானியப் படை வந்தது. அவர்கள் கண்டது ஆயிரமாயிரம் உடல்களை. பெரும் குழிகளில் புதைத்தார்கள். பிராங்க் சகோதரிகளின் பெயர் பொறித்த கல் ஒன்று இன்று அங்கே நிற்கிறது. அதன் கீழே அவர்கள் இல்லை.

எட்டுப்பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டும். 1945 ஜூனில் அம்ஸ்டர்டாம் வந்தார். பிள்ளைகளைத் தேடி விசாரித்துக்கொண்டே இருந்தார். ஜூலையில் இருவரது மரணமும் உறுதியானதும் மீப் லாச்சியைத் திறந்து எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தார். 1947 ஜூன் 25ஆம் திகதி நூல் வெளியானது. முதற்பதிப்பு மூவாயிரம் பிரதிகளுக்குச் சற்று மேல்.

நூல் உலகமெங்கும் பரவியதும் மறுப்புகளும் தொடங்கின. தந்தையே எழுதியிருப்பார், சிறுபிள்ளையால் இப்படி எழுத முடியாது, கையெழுத்து இரண்டு விதமாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். நடந்தது நடக்கவில்லை என்று நிறுவ விரும்புபவர்களுக்கு, நடந்ததைச் சொன்னவரைப் பொய்யராக்குவது போதுமானது. எங்களுக்கும் இது பழக்கமில்லாத உத்தி அல்ல. ஓட்டோ நீதிமன்றம் போனார். 1950களின் கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு எதிராக அவர் போட்ட வழக்கில், கையெழுத்து நிபுணர்கள் மூலப்பிரதிகளை ஆராய்ந்து அவை ஆன் எழுதியவையே என்று உறுதிப்படுத்தினார்கள். மறுத்தவர் தன் பேச்சைத் திரும்பப் பெற்றார்.

1970களில் மறுபடி துண்டுப்பிரசுரங்கள். இம்முறை ஹம்பர்க் நீதிமன்றம் ஜேர்மன் சமஷ்டிக் குற்றவியல் பொலிஸிடம் மையையும் தாளையும் பரிசோதிக்கக் கேட்டது. 1980இல் வந்த சில பக்க அறிக்கை, தனித்தாள்களின் சில இடங்களில் குமிழ்முனைப் பேனையின் மை காணப்படுவதாகவும் அது 1951க்குப் பிந்தியது என்றும் சொன்னது. எந்தெந்த இடங்கள், எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லவில்லை. பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கின. குமிழ்முனைப் பேனை கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்ததே போருக்குப் பிறகுதான். நியூயோர்க்கில் முதல் விற்பனை 1945 ஒக்டோபரில். ஆகவே முழு நாட்குறிப்பும் குமிழ்முனைப் பேனையால் எழுதப்பட்ட மோசடி என்ற கதை பிறந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி, இந்தக் கூச்சலின் உச்சத்துக்கு முன்னரே, ஓட்டோ சுவிற்சர்லாந்தில் காலமாகிவிட்டார். கையெழுத்துப் பிரதிகளை அவர் நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார்.

அந்த நிறுவனம் நெதர்லாந்தின் தடயவியல் ஆய்வுகூடத்தை அணுகியது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்கள். பவுண்டன் பேனையின் நிப், அழுத்தி எழுதும்போது பிளவின் இரண்டு பக்கமும் விரிந்து, கடதாசியில் இரட்டைக் கோடாக நுண்ணிய கீறலை விட்டுச்செல்லும். குமிழ்முனைப் பேனை உருண்டோடி ஒற்றைப் பள்ளத்தை விடும். மையும் வேறு: ஒன்று தண்ணீரில் கரைத்தது, மற்றது எண்ணெய்ப் பசை. உருப்பெருக்காடியின் கீழ் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. நாட்குறிப்பும் தனித்தாள்களும் பெரும்பாலும் சாம்பல்நீலப் பவுண்டன் பேனை மையால், அன்று வழக்கத்தில் இருந்த இரும்பு கலந்த மையால் எழுதப்பட்டிருந்தன. இடையிடையே சிவப்பு மை, நிறப்பென்சில், கறுப்புப் பென்சில்.

குமிழ்முனைப் பேனையால் எழுதியிருந்தவை தாள்களுக்கிடையே செருகியிருந்த இரண்டு சிறு துண்டுக் கடதாசிகள். எழுத்து ஆனுடையது அல்ல. முந்திய வழக்குக்காக ஆராய்ந்த நிபுணர் ஒருவர் தன் வேலைக்குக் குறித்துவைத்து, எடுக்க மறந்துபோன சீட்டுகள் அவை. பொய் அல்ல என்று நிரூபிக்க வந்தவரின் குறிப்பையே பொய்க்கு ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள்.

கையெழுத்துக்கும் பதில் கிடைத்தது. பள்ளிக்காலக் கடிதங்கள், வாழ்த்து அட்டைகளோடு ஒப்பிட்டார்கள். ஆன் எழுத்துகளைத் தனித்தனியாகவும் எழுதுவாள், கூட்டியும் எழுதுவாள். இரண்டும் அவள் கைதான்; வளரும் பிள்ளையின் கை எப்படி மாறுமோ அப்படி மாறியிருந்தது. முடிவுகள் 1986இல், அவள் எழுதிய இரண்டு வடிவங்களும் தந்தை தொகுத்ததும் பக்கம் பக்கமாக அச்சான பெரும் பதிப்பில் வெளியாயின.

மறுப்பவர்கள் அதோடு நிற்கவில்லை. 2006 ஜூன் மாதம் ஜேர்மனியின் பிரெட்ஸியன் என்ற கிராமத்தில் கோடைகாலக் கொண்டாட்டத்தில் மூட்டிய பெருநெருப்பில் சில இளைஞர்கள் ஆன் பிராங்கின் நூல் ஒன்றை வீசினார்கள். அடுத்த மாதம் ஜேர்மன் சமஷ்டிக் குற்றவியல் பொலிஸ், தமது 1980ஆம் ஆண்டு அறிக்கையை வைத்து நாட்குறிப்பின் உண்மையைச் சந்தேகிக்க முடியாது என்று பகிரங்கமாக அறிவித்தது. 26 ஆண்டுகள் எடுத்தது. நூலை எரித்த வழக்கில் ஏழுபேர் நிறுத்தப்பட்டார்கள். 2007 மார்ச்சில் ஐந்து பேருக்கு ஒன்பது மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. இருவர் விடுதலையானார்கள்.